ரிஃப்ளெக்ஸ் சுத்தியலைப் பிடிப்பதும் அது சொல்வதைப் படிப்பதும்

இளம்பிள்ளை வாதத்தால் விழுந்த காலையும், கேசரிப் பருப்பை மாதக்கணக்கில் தின்றதால் விழுந்த காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நடை போய்விட்டது. இரண்டிலும் தொட்டால் தெரிகிறது, குத்தினால் வலிக்கிறது. ஆனால் முதல் கால் துவண்டு சூம்பிக் கிடக்கும். முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினால் அசைவே இருக்காது. இரண்டாவது கால் விறைத்திருக்கும், நடக்க முயன்றால் கத்தரிக்கோல்போல ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். அதே இடத்தில் தட்டினால் எகிறும். போலியோ வைரஸ் அழித்தது தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பு செல்லை. கேசரிப் பருப்பின் நஞ்சு கெடுத்தது, மூளையிலிருந்து அந்த செல்லுக்கு இறங்கி வரும் பாதையை. ஒரு தட்டில் இந்த வித்தியாசம் தெரிந்துவிடுகிறது.

பிசியோதெரபி, நர்சிங், எம்.பி.பி.எஸ். படிப்பவர்களில் பலர் சுத்தியலை வாங்கிய முதல் வாரத்திலேயே முழங்காலைத் தட்டிப் பார்த்துவிடுவார்கள். கால் எகிறினால் ‘நார்மல்’ என்று எழுதுவார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஒரே ஒரு ரிஃப்ளெக்ஸை, அதாவது தட்டியதும் தானாக எழும் அனிச்சைச் செயலை, தனியாகப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. இடத்தோடு வலம், கையோடு கால், மேலோடு கீழ் என்று ஒப்பிடும்போதுதான் அது பேசும். ஒப்பிட வேண்டுமானால் உள்ளே கம்பிகள் எப்படி ஓடுகின்றன என்பது முதலில் தெரிய வேண்டும்.

தட்டியதிலிருந்து எகிறும் வரை

முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணைத் தட்டும்போது, தொடையின் முன்பக்கத் தசை மிகச் சிறிதளவு, ஆனால் வெகு வேகமாக இழுபடுகிறது. அந்தத் தசைக்குள் தசைக்கதிர்கள் என்ற நுண்ணிய உணரிகள் பதிந்திருக்கின்றன. தசை நீளும் அளவைவிட, நீளும் வேகத்தைத்தான் அவை கூர்மையாக உணரும். ‘பலமாக அடிக்காதே, சுண்டி அடி’ என்று ஆசிரியர்கள் சொல்வதன் காரணம் இதுதான். மெதுவாக எவ்வளவு பலமாக அழுத்தினாலும் கால் எகிறாது.

தசைக்கதிரிலிருந்து கிளம்பும் தடித்த உணர்வு நரம்பிழை, உடலிலேயே வேகமான இழைகளில் ஒன்று. அது தண்டுவடத்தின் பின்வேர் வழியாக இடுப்புப் பகுதியின் எல் 3, எல் 4 துண்டங்களுக்குள் நுழைந்து, இடையில் யாரையும் கேட்காமல் முன்கொம்பு என்ற முன்பகுதியிலுள்ள இயக்க நரம்பு செல்லை நேரே தொடுகிறது. நடுவில் ஒரே ஒரு சினாப்ஸ், அதாவது இரு நரம்பு செல்கள் சந்திக்கும் இடம். அந்த செல்லின் இழை தொடை நரம்பு வழியே அதே தசைக்குத் திரும்பி வந்து, அதைச் சுருக்குகிறது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். தொடையிலிருந்து தண்டுவடம் வரை சுமார் அரை மீட்டர். போகவர ஒரு மீட்டர். நொடிக்கு 60 மீட்டர் என்று வைத்தால் 17 மில்லி நொடி. சினாப்ஸுக்கு ஒரு மில்லி நொடிக்கும் குறைவு, நரம்பும் தசையும் சேரும் இடத்தில் ஒன்று. ஆகமொத்தம் 20 மில்லி நொடிக்குள் தசையில் மின்னசைவு தொடங்கிவிடும். மூளைக்குப் போய் முடிவெடுத்துத் திரும்ப இந்த நேரம் போதாது. ‘தட்டினார்கள்’ என்று நோயாளி உணரும் முன்பே கால் கிளம்பிவிடுகிறது.

இன்னொரு வேலையும் அதே நேரத்தில் நடக்கிறது. வந்த இழையின் ஒரு கிளை, இடைநரம்பு செல் ஒன்றைத் தூண்டி, தொடையின் பின்பக்கத் தசைகளுக்குப் போகும் செல்களை அடக்குகிறது. முன்பக்கம் சுருங்கும்போது பின்பக்கம் எதிர்த்து இழுக்கக் கூடாது அல்லவா! இந்த ஒழுங்கை விலங்குகளில் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து நிறுவியவர் சார்ல்ஸ் ஷெரிங்டன். 1932இல் எட்கர் ஏட்ரியனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூளையின் எந்த மூலையிலிருந்து வரும் கட்டளையானாலும், எந்த அனிச்சைச் செயலானாலும், கடைசியில் முன்கொம்பு செல் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் தசையைச் சேர வேண்டும் என்று காட்டியவரும் அவரே. அந்த வாசல் இடிந்தால் எல்லாமே நிற்கும். போலியோ கால் துவள்வது அதனால்தான்.

காலில் முள் குத்தியதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அது வேறு வகை. அங்கே தூண்டல் தோலிலிருந்து வருகிறது, பல இடைநரம்பு செல்களைக் கடக்கிறது, பல துண்டங்களுக்குப் பரவுகிறது. அதனால் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் குத்துப்பட்ட கால் மடங்கும் அதே கணத்தில் மறுகால் விறைத்து உடல் எடையைத் தாங்கிக்கொள்ளும். உள்ளங்காலைக் கீறிச் சோதிக்கும்போது இது குறுக்கே வந்து குழப்பும்; அதைப் பிறகு பார்ப்போம்.

மேலே இருப்பவை

தண்டுவடம் தானாகவே எல்லாவற்றையும் செய்கிறதென்றால் மூளைக்கு என்ன வேலை? பெரும்பாலும், அளந்து விடுவது. பெருமூளையின் நடுப்பள்ளத்துக்கு முன்னால் இருக்கும் மேட்டில் உடலின் இயக்க வரைபடம் விரிந்திருக்கிறது: கால் மூளையின் உட்பக்கச் சுவரில், கையும் முகமும் வெளிப்பக்கத்தில். நாயின் மூளைப் பரப்பில் மின்சாரம் பாய்ச்சினால் எதிர்ப்பக்கக் கால் அசைகிறது என்று 1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷும் ஹிட்ஸிக்கும் காட்டிய பிறகுதான் இந்த வரைபடத் தேடலே சூடுபிடித்தது. இந்த மேட்டிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும் பக்கத்துக்குச் சுமார் 10 லட்சம் இழைகள் இறங்குகின்றன. மூளைத்தண்டின் கடைசிப் பகுதியான முகுளத்தின் அடியில் 85 முதல் 90 விழுக்காடு இழைகள் எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். ஆகவே இடது மூளையில் பக்கவாதம் என்றால் வலது கை, கால் பாதிக்கும். தண்டுவடத்தின் இடது பாதி அறுந்தால் இடது காலே பாதிக்கும்.

மூளைத்தண்டிலிருந்தும் தனிப் பாதைகள் இறங்குகின்றன. நிற்பது, சாயாமல் இருப்பது, தசையின் விறைப்பை ஏற்றி இறக்குவது எல்லாம் அவற்றின் பொறுப்பு. இந்தப் பாதைகள் சேர்ந்துதான் கீழே உள்ள வளைவை, அதாவது தசையிலிருந்து தண்டுவடம் போய்த் தசைக்கே திரும்பும் சுற்றை, எவ்வளவு துள்ள விடலாம் என்று தீர்மானிக்கின்றன. மேலிருந்து வரும் கட்டுப்பாடு அறுந்துபோனால் வளைவு கட்டவிழ்ந்து துள்ளும். மேல் இயக்க நரம்பு செல் பாதிப்பு என்று சொல்வது இதைத்தான். முன்கொம்பு செல்லோ, அதிலிருந்து வெளிவரும் வேரோ, நரம்போ கெட்டால் கீழ் இயக்க நரம்பு செல் பாதிப்பு: ரிஃப்ளெக்ஸ் குறையும் அல்லது மறையும், தசை சூம்பும், தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடிக்கும்.

சிறுமூளையும், மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளும் தசையை நேரடியாக ஆள்வதில்லை. கட்டளையைச் செப்பனிட்டுக் கொடுப்பவை. அதனால் பார்க்கின்சன் நோயில் தசைநாண் ரிஃப்ளெக்ஸ் பொதுவாக இயல்பாகவே இருக்கும். சிறுமூளைக் கோளாறில், தொங்கும் கால் தட்டியபின் கடிகார ஊசல்போல முன்னும் பின்னும் பலமுறை ஆடும்.

எந்த ரிஃப்ளெக்ஸ் எந்தத் தளம்

எஸ் என்பது இடுப்புக்குக் கீழுள்ள திருவெலும்புப் பகுதித் துண்டம், எல் இடுப்பு, சி கழுத்து. கீழிருந்து மேலாக எண்ணினால் மறக்காது. ஒன்று, இரண்டு: கணுக்கால் (எஸ் 1, எஸ் 2). மூன்று, நான்கு: முழங்கால் (எல் 3, எல் 4). ஐந்து, ஆறு: முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் (சி 5, சி 6). ஏழு, எட்டு: முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் (சி 7, சி 8, முக்கியமாக 7). முன்கையின் சுப்பினேட்டர் ரிஃப்ளெக்ஸும் ஐந்து, ஆறைச் சேர்ந்ததுதான். இவற்றுக்கெல்லாம் மேலே, மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில், தாடை ரிஃப்ளெக்ஸ்.

ஒரு பொறி இருக்கிறது. தண்டுவடத்தின் துண்டமும் அதே எண்ணுள்ள முதுகெலும்பும் ஒரே உயரத்தில் இல்லை. பெரியவர்களில் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. எல் 3, எல் 4 துண்டங்கள் நெஞ்சின் 11, 12ஆவது முள்ளெலும்புக்குப் பின்னால் இருக்கின்றன. ஆகவே நான்காவது இடுப்பு முள்ளெலும்பு உடைந்தவருக்குத் தண்டுவடமே அடிபட்டிருக்காது. தொங்கும் நரம்பு வேர்கள்தான் நசுங்கும். அங்கே ரிஃப்ளெக்ஸ் குறைய வேண்டும். எகிறினால் காரணத்தை மேலே தேடுங்கள்.

சுத்தியலும் படுக்கையும்

மருந்துக்கடையில் கிடைக்கும் முக்கோண ரப்பர் தலைச் சுத்தியல் டெய்லர் வகை. எடை குறைவு, கையால் வலுக்கூட்டி அடிக்கத் தூண்டும். அதுதான் அதன் குறை. லண்டன் குவீன் ஸ்குவேர் மருத்துவமனையின் பெயரால் அழைக்கப்படும் நீளக் கைப்பிடி, வட்டத்தட்டு வகை இதைவிட நல்லது. கைப்பிடியின் நுனியை விரல்களால் தளர்வாகப் பிடித்து, தட்டைத் தூக்கி, தன் எடையிலேயே விழ விட்டால் ஒவ்வொரு தட்டும் ஒரே அளவில் விழும். இடத்தையும் வலத்தையும் ஒப்பிடுவதற்கு இந்தச் சீர்மைதான் ஆதாரம். எந்தச் சுத்தியலானாலும் அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும், தோளிலிருந்து வேண்டாம்.

தசையை மூடியிருக்கும் துணியை விலக்குங்கள். புடவை, வேட்டியின் மேலாகத் தட்டினால் தசை சுருங்குவது கண்ணுக்குத் தெரியாது. கால் தூக்கியதை மட்டும் பார்த்து ஏமாறுவீர்கள். பெண் நோயாளிக்குப் போர்வையும் திரையும் கொடுத்து, உடன் ஒருவரை வைத்துக்கொண்டு, தொடையின் கீழ்ப்பாதி மட்டும் தெரியும்படி விலக்கினாலே போதும். அறை குளிராக இருந்தாலும், நோயாளி பயந்திருந்தாலும் பதில் மாறும். சுத்தியலைக் காட்டி, உங்கள் உள்ளங்கையிலேயே ஒருமுறை தட்டிக் காட்டிவிடுங்கள்.

முழங்கால்: இதை முதலில் கைப்பழக்கமாக்குங்கள்

1. நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, உங்கள் இடது முன்கையை இரண்டு முழங்கால்களுக்கும் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். முழங்கால் ஏறத்தாழ 120 பாகையில் மடங்கி, குதிகால் படுக்கையைத் தொட்டபடி இருக்கட்டும். உட்கார முடிந்தவரானால் கட்டில் ஓரத்தில் பாதம் தரையில் படாமல் தொங்க விடலாம்.

2. ‘காலைத் தளர்த்துங்க’ என்று சொன்னால் பலர் இன்னும் இறுக்குவார்கள். ‘அம்மா, காலோட பாரத்தை என் கையில போட்டுடுங்க, நீங்க தூக்க வேண்டாம்’ என்று சொல்லுங்கள். முன்கையில் கனம் இறங்குவதை வைத்துத் தளர்ந்துவிட்டது தெரியும்.

3. சில்லின் கீழ்விளிம்பைக் கட்டைவிரலால் தடவி, அதற்கும் கணைக்கால் எலும்பின் மேட்டுக்கும் நடுவே உள்ள மெத்தென்ற பட்டையைத் தேடுங்கள். அதன் நடுவில்தான் தட்ட வேண்டும். சில்லின் மேலேயோ எலும்பின் மேலேயோ விழுந்தால் வலிக்கும், பதில் வராது.

4. தட்டும்போது கண் பாதத்தில் இருக்கக் கூடாது; தொடையின் முன்தசையில் இருக்க வேண்டும். பாதம் அசையாத அளவுக்கு மெல்லிய சுருக்கமும் பதில்தான்.

5. வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மாற்றி மூன்று முறை தட்டுங்கள். ஒரே காலை ஆறு முறை தட்டிவிட்டு மறுகாலுக்குப் போனால் ஒப்பீடு கெட்டுவிடும்.

பதில் வரவில்லை என்றால் உடனே ‘இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். முதலில் இடம், பிறகு தளர்வு, பிறகு வேகம் மூன்றையும் சரிபாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஹங்கேரிய மருத்துவர் யெண்ட்ராசிக் கண்டுபிடித்த உபாயம் இருக்கிறது. இரண்டு கைவிரல்களையும் கொக்கிபோல மாட்டிக்கொண்டு, நீங்கள் ‘இழுங்க’ என்றதும் பலமாக எதிரெதிராக இழுக்கச் சொல்லுங்கள். இழுக்கும் அந்த முதல் நொடியிலேயே தட்ட வேண்டும். முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொண்டால் பலன் சில நொடிகளில் தேய்ந்துவிடும். கையை இழுக்கும்போது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலும் செல்கள் தயார்நிலைக்கு வருகின்றன. தூங்கிக் கிடந்த ரிஃப்ளெக்ஸ் எழுந்துவிடும். கை ரிஃப்ளெக்ஸுக்கு விரல் கொக்கி உதவாது. பல்லை இறுக்கக் கடிக்கச் சொல்லலாம், அல்லது மறுகையின் விரல்களை மடக்கி இறுக்கச் சொல்லலாம்.

கணுக்கால்

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். முழங்காலைச் சற்று மடக்கி, தொடையை வெளிப்பக்கமாகச் சாய விட்டு, பாதத்தின் முன்பகுதியை உங்கள் கையால் மெல்ல மேலே தள்ளிப் பிடியுங்கள். குதிகால் நாண் நன்றாக இழுபட்டிருக்க வேண்டும். தொய்ந்த நாணைத் தட்டினால் அதிர்வு தசைக்குப் போகாது. அதே சமயம் முரட்டுத்தனமாக மேலே தள்ளினாலும் பாதம் அசைய இடமிருக்காது. கெண்டைக்காலைப் பாருங்கள், கையில் பாதம் அழுத்துவதையும் உணருங்கள்.

காலைத் திருப்ப முடியாதபடி எலும்பு முறிவுக் கட்டோ வலியோ இருந்தால், கால் நீட்டியபடியே உங்கள் விரல்களை உள்ளங்காலின் முன்பகுதியில் வைத்து, விரல்களின் மேலேயே தட்டலாம். முதியவர்களுக்கு இது வசதி. வயது ஏற ஏற இரு பக்கமும் கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் மங்குவது உண்டு. அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால், எந்த வயதிலும் எஸ் 1 வேரைச் சந்தேகிக்க வேண்டும். இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு (டிஸ்க்) பிதுங்கிப் பின்தொடை வழியே வலி இறங்குபவரிடம் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

சுருங்கியபின் தசை எப்படித் தளர்கிறது என்பதையும் கவனியுங்கள். தைராய்டு குறைவாகச் சுரப்பவரிடம் கெண்டைத் தசை சட்டென்று சுருங்கி, சோம்பலாக விரியும். கட்டில் விளிம்பில் பாதம் வெளியே தொங்கும்படி முட்டி போட வைத்துத் தட்டினால் இந்தத் தாமதம் தெளிவாகத் தெரியும்.

எகிறும் கணுக்கால் என்றால் குளோனஸ் பார்த்தே ஆக வேண்டும். முழங்காலை மடக்கித் தாங்கிக்கொண்டு, பாதத்தைச் சட்டென்று மேலே தள்ளி, தள்ளிய அழுத்தத்தை விடாமல் பிடியுங்கள். பாதம் நொடிக்கு ஐந்தாறு முறை தானாகவே துடிக்கும். இரண்டு மூன்று துடிப்போடு இரு பக்கமும் ஓய்ந்தால் பதற்றமாகக்கூட இருக்கலாம். பிடித்திருக்கும் வரை நிற்காமல் துடித்தால் மேலிருந்து வரும் பாதை கெட்டுவிட்டது என்று பொருள்.

கை

பைசெப்ஸுக்கு நோயாளியின் கையை வயிற்றின்மேல் மடக்கி வைத்து, முழங்கை மடிப்பில் நாணைத் தேடி அதன்மேல் உங்கள் விரலை வையுங்கள். விரலைத்தான் தட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சுருக்கமும் விரலுக்குத் தெரியும். டிரைசெப்ஸுக்கு முழங்கை முனைக்கு மேலே ஓரிரு விரற்கடை தள்ளி, நாணின் மேலேயே நேரடியாகத் தட்டுங்கள். சுப்பினேட்டருக்கு முன்கையைப் பாதி திருப்பி வைத்து, மணிக்கட்டுக்கு மேலே 5 செ.மீ. அளவில், கட்டைவிரல் பக்க எலும்பின்மேல்.

சுப்பினேட்டரில் ஒரு விநோதம் பார்க்கலாம். தட்டினால் முழங்கை மடங்காமல் விரல்கள் மடங்கும். ஐந்தாவது, ஆறாவது கழுத்துத் துண்டம் கெட்டதால் அதற்குரிய பதில் இல்லை; அதே இடத்தில் கீழ்நோக்கி இறங்கும் பாதையும் நசுங்கியதால் அதற்குக் கீழே உள்ள எட்டாவது துண்டம் கட்டவிழ்ந்து பதில் சொல்கிறது. ஒரே தட்டில் இழப்பும் எகிறலும் சேர்ந்து வருகின்றன. கழுத்தெலும்புத் தேய்மானத்தில் தண்டுவடம் நசுங்கியவர்களிடம் இது கிடைத்தால், ஸ்கேன் எடுக்கும் முன்பே தளம் சொல்லிவிடலாம்.

தாடைக்கு, வாயை லேசாகத் திறக்கச் சொல்லி, மோவாயின்மேல் விரல் வைத்துக் கீழ்நோக்கித் தட்டுங்கள். இயல்பானவர்களிடம் பதில் மெலிதாக இருக்கும் அல்லது இருக்காது. எகிறினால் மட்டுமே அதற்கு அர்த்தம்.

உள்ளங்கால்

1896இல் பாரிஸில் ஜோசப் பாபின்ஸ்கி விவரித்த அடையாளம். இது தசைநாணைச் சேர்ந்ததல்ல, தோலிலிருந்து கிளம்புவது. சாவியின் மழுங்கிய முனை போதும். ஊசியோ பேனா முள்ளோ வேண்டாம். ‘உள்ளங்காலில் கீறப்போகிறேன், கூசும்’ என்று சொல்லிவிட்டு, குதிகாலின் வெளி ஓரத்தில் தொடங்கி, வெளிவிளிம்பு வழியாகவே முன்னேறி, சுண்டுவிரல் அடிக்கு வந்ததும் உட்பக்கமாக வளைத்து, பெருவிரல் அடிக்கு வருமுன் நிறுத்துங்கள். நிதானமாக, ஒரே அழுத்தத்தில். பெருவிரலின் முதல் அசைவு எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் கேள்வி. கீழே மடங்கினால் இயல்பு. மேலே நிமிர்ந்து மற்ற விரல்கள் விசிறிபோல விரிந்தால் மேல் இயக்க நரம்பு செல் பாதை கெட்டிருக்கிறது. குழந்தைக்கு ஒரு வயது வாக்கில் வரை நிமிர்வது இயல்பே; அந்தப் பாதைக்கு உறை இன்னும் முழுதாக உருவாகவில்லை.

கூச்சத்தால் காலை இழுப்பவர்களிடம் குழப்பம் வரும். முழங்காலும் இடுப்பும் வெடுக்கென்று மடங்கி, அதோடு பெருவிரலும் நிமிர்ந்தால் அது வெறும் விலகல். கணுக்காலை உறுதியாகப் பிடித்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்தில் மறுபடி செய்யுங்கள். வெறுங்காலோடு வயலிலும் சாலையிலும் உழைத்தவர்களின் உள்ளங்கால் காய்த்துப்போய் எந்தப் பதிலும் வராமல் இருக்கலாம். அழுத்தத்தைக் கூட்டித் தோலைக் காயப்படுத்த வேண்டாம். வெளிக் கணுக்கால் மொட்டுக்குக் கீழே தொடங்கிப் பாதத்தின் வெளிப்பக்கமாகச் சுண்டுவிரல் நோக்கிக் கீறினால் அதே பதில் கிடைக்கும். இது சாடக் முறை.

கோடு எங்கே விழுகிறது

இப்போது ஒப்பீடு. பதில் இல்லை என்றால் 0, மங்கல் +, இயல்பு ++, துள்ளல் +++, குளோனஸோடு ++++. உபாயத்தோடு மட்டும் வந்தால் ± என்று எழுதுங்கள். ஒருவருக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி +++ இருந்து, உள்ளங்கால் கீழே மடங்கினால் அது அவர் சுபாவமாக இருக்கலாம். இன்னொருவருக்குக் கை ++, கால் +++ என்றால், எண்ணில் சிறிய வித்தியாசமானாலும் விஷயம் பெரிது: கைக்கும் காலுக்கும் நடுவே, பெரும்பாலும் நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தில், ஏதோ அழுத்துகிறது. நம் நாட்டில் அப்படிப்பட்டவரிடம் முதுகெலும்புக் காசநோயை நினைக்காமல் விடக் கூடாது. முதுகெலும்பின் நடுக்கோட்டை மேலிருந்து கீழாக விரலால் அழுத்தி, வலியோ புடைப்போ இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

கையும் காலும் எகிறி, தாடை அமைதியாக இருந்தால் கோளாறு பான்ஸுக்குக் கீழே, சி 5க்கு மேலே. தாடையும் எகிறினால் இன்னும் மேலே. பைசெப்ஸ் இல்லை, டிரைசெப்ஸ் எகிறுகிறது என்றால் கோடு சி 5, சி 6இல் விழுகிறது. எந்தத் தளத்தில் ரிஃப்ளெக்ஸ் மறைகிறதோ அதுவே இடம். அதற்குக் கீழே உள்ளவை துள்ளும்.

இந்தக் கணக்கைப் பொய்யாக்கும் நிலைமைகளும் உண்டு. விபத்தில் தண்டுவடம் அறுந்த முதல் நாட்களில் கீழே எல்லாமே மௌனமாகிவிடும். துள்ளல் வர சில நாட்களோ சில வாரங்களோ ஆகும். அதுவரை ‘துவண்டிருக்கிறது, எனவே நரம்பு வேர்தான்’ என்று முடிவுகட்டினால் தவறிவிடுவீர்கள். பக்கவாதத்தின் முதல் மணி நேரங்களிலும் இப்படியே. வைட்டமின் பி12 குறைந்தவர்களிடம் கணுக்கால் மறைந்து, உள்ளங்கால் மட்டும் நிமிரும்: நரம்பும் தண்டுவடமும் ஒருசேரக் கெட்டிருப்பதால் முரணான இரண்டு அடையாளங்கள் ஒன்றாக வருகின்றன. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை நோய் உள்ளவரிடம் இரு கணுக்கால்களும் இல்லாமல் போவது சாதாரணம். அதே ஆளுக்குக் கழுத்தில் தண்டுவடமும் நசுங்கினால், கணுக்கால் மௌனமாக இருந்து ஏமாற்றும். முழங்காலும் உள்ளங்காலும்தான் காட்டிக்கொடுக்கும்.

குச்சி மனிதன் படம் ஒன்று வரைந்து, ஒவ்வொரு மூட்டிலும் + குறிகளைப் போட்டு, பாதத்தில் மேல் அல்லது கீழ் அம்புக்குறி இட்டு, தேதியும் நேரமும் எழுதிவையுங்கள். காலையில் ++ இருந்த கால் மாலையில் 0 ஆகியிருந்தால், நேரம் எழுதிய குறிப்புதான் அடுத்து வருபவருக்கு அதைச் சொல்லும்.

காத்திருக்கக் கூடாத இரண்டு நிலைமைகள் உண்டு. இடுப்பு வலியோடு இரு கணுக்கால்களும் மறைந்து, சிறுநீர் அடைத்து, உட்காரும் இடம் மரத்துப்போயிருந்தால், தொங்கும் வேர்கள் நசுங்குகின்றன. அன்றே அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பாதத்தில் தொடங்கிய பலவீனம் நாளுக்கு நாள் மேலேறி, எல்லா ரிஃப்ளெக்ஸும் மறைந்துகொண்டே வந்தால் உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்புகளைத் தாக்கும் குய்யான்-பாரே நோயாக இருக்கலாம். அங்கே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பாருங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசைகள் தளர்கின்றன. செயற்கை மூச்சுக் கருவி உள்ள இடத்துக்கு உடனே அனுப்புங்கள்.

15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை அல்லது கால் துவண்டுவிட்டால், காரணம் எதுவாகத் தோன்றினாலும், சுகாதாரத் துறைக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி மேற்கு வங்கத்தின் ஹவுராவில் 2011 ஜனவரியில் பதிவானார். அதன்பிறகும் இந்தக் கண்காணிப்பு நிற்கவில்லை. துவண்டது தொடங்கி 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், கட்டைவிரல் அளவில் இரண்டு மல மாதிரிகள் எடுத்து, குளிர்ச்சி குறையாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.